வேலை போனால் எந்தக் கதவைத் தட்டலாம்?

கால் காசு உத்தியோகம் என்றாலும் கவர்மெண்டு உத்தியோகம் வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வரும். வயதான காலத்தில் பென்ஷன் வரும் என்ற நம்பிக்கைதான் காரணம்.

அந்த உத்தியோகத்துக்கே ஒரு நாள் ஆபத்து வந்தால்? "உம்மை வேலையிலிருந்து நீக்கியிருக்கிறோம்" என்று ஒரு காகிதம் வீடு தேடி வந்தால்?

வேலை போவது ஒருவருக்கு மட்டும் நேரும் கஷ்டம் அல்ல. மளிகைக் கடைக் கணக்கு நிற்கும். பிள்ளையின் படிப்பு நிற்கும். நிச்சயம் செய்த கல்யாணம்கூட நிற்கும். "டிஸ்மிஸ்" என்ற தண்டனை வந்தால் பென்ஷனும் போகும். மறுபடி சர்க்கார் வேலை கிடைப்பதும் அரிது.

குற்றம் செய்தவருக்குத் தண்டனை வேண்டியதுதான். லஞ்சம் வாங்குபவரை வேலையில் வைத்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தண்டனை கொடுத்த மேலதிகாரியே தவறு செய்திருந்தால்? அந்த உத்தரவைச் சரிபார்ப்பவர் யார்? அவரும் தவறிவிட்டால், அதற்கும் மேலே பார்ப்பவர் யார்?

இந்தக் கேள்விகளைப் புதுவை மக்கள் மற்றவர்களைவிட நன்றாக அறிவார்கள். பிரெஞ்சுச் சட்டம், இந்தியச் சட்டம் இரண்டையும் பார்த்த ஊர் அது.

பாரீசில் கடைசித் தீர்ப்பு

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் ஒரு விசித்திரம் உண்டு. சர்க்காருக்கு எதிரான வழக்கைச் சாதாரணக் கோர்ட்டு விசாரிப்பதில்லை. அதற்குத் தனி நீதிமன்றம் உண்டு. புதுச்சேரியிலும் நிர்வாக வழக்குகளுக்கென ஒரு சபை இருந்தது. அதன் முடிவு பிடிக்கவில்லை என்றால் அப்பீல் செய்யலாம். எங்கே? கடல் தாண்டி, பாரீஸ் நகரத்தில்!

அங்கே "கோன்செய் தெத்தா" என்ற பெரிய நிர்வாக நீதிமன்றம் இருக்கிறது. நெப்போலியன் காலத்தில், 1799-ல் ஏற்பட்டது. இன்றும் நடக்கிறது.

அது சர்க்காருக்குத் தலையாட்டும் சபை அல்ல. 1954-ஆம் ஆண்டு மே 28-ந்தேதி அது சொன்ன ஒரு தீர்ப்பைப் பாருங்கள். பெரிய உத்தியோகங்களுக்கான பரீட்சையை எழுத 5 இளைஞர்களுக்குச் சர்க்கார் அனுமதி மறுத்தது. அவர்களுடைய அரசியல் கருத்துதான் காரணம் என்று பேச்சு. காரணத்தைக் காட்டும் காகிதங்களைக் கொடுங்கள் என்று நீதிமன்றம் கேட்டது. சர்க்கார் கொடுக்கவில்லை. "அப்படியானால் இளைஞர்கள் சொல்வதே உண்மை" என்று நீதிமன்றம் முடிவு செய்தது. சர்க்கார் உத்தரவை ரத்து செய்தது.

நல்ல தீர்ப்புதான். ஆனால் புதுவையில் இருக்கும் ஒரு குமாஸ்தா பாரீஸ் வரை போய் நியாயம் கேட்பது நடக்கிற காரியமா? கதவு திறந்திருந்தது, ஆனால் அது கடலுக்கு அப்பால் இருந்தது.

இரண்டு ஆட்சிக்கு நடுவில்

1954-ஆம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி புதுவையின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956-ஆம் ஆண்டு மே 28-ந்தேதி இரு நாடுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிரான்சு நாட்டுப் பாராளுமன்றத்தின் சம்மதம் கிடைத்து, 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ந்தேதிதான் புதுவை சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது.

அந்த ஒப்பந்தம் உள்ளூர்ச் சர்க்கார் சிப்பந்திகளை மறக்கவில்லை. அவர்களை இந்திய சர்க்கார் தன் வேலையில் எடுத்துக்கொள்ள வேண்டும்; சம்பளம், விடுமுறை, பென்ஷன் எல்லாம் பழையபடி கிடைக்க வேண்டும்; ஒழுங்கு நடவடிக்கையிலும் பழைய உரிமைகள் இருக்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள்.

ஆனால் காகிதத்தில் உரிமை இருந்தால் போதுமா? அதைக் கேட்டு வாங்க ஒரு கோர்ட்டு வேண்டாமா?

இடைப்பட்ட 8 ஆண்டுகளின் நிலையை ஒரு பஸ் பெர்மிட் வழக்கு காட்டியது. புதுவை அதிகாரிகளின் உத்தரவை எதிர்த்து அந்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1961 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. புதுவையை இந்தியா ஆள்வது உண்மை. ஆனாலும் சட்டப்படி அது இன்னும் இந்தியாவின் பகுதி ஆகவில்லை. ஆகவே இந்த வழக்கில் தலையிட முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. உத்தரவு போட அதிகாரி இருந்தார். அந்த உத்தரவைச் சுப்ரீம் கோர்ட்டு தொட முடியவில்லை!

1962-ல் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. அதன்படி சென்னை ஐகோர்ட்டின் அதிகாரம் புதுவைக்கும் வந்தது. பாரீசில் இருந்த "கோன்செய் தெத்தா"வுக்குப் புதுவை மீதிருந்த அதிகாரமும் சென்னை ஐகோர்ட்டுக்கே வந்தது. கடல் கடந்து இருந்த கதவு 150 கிலோமீட்டர் தூரத்துக்கு வந்து சேர்ந்தது.

தீர்ப்பாயம் பிறந்தது

அதன் பிறகு வேறு ஒரு கஷ்டம். நாடு முழுவதும் சர்க்கார் சிப்பந்திகளின் வழக்குகள் ஐகோர்ட்டுகளில் மலைபோல் குவிந்தன. பதவி உயர்வு வழக்கு போட்டவர், தீர்ப்பு வருவதற்குள் ஓய்வு பெற்றுவிடுவார்!

இதற்கு ஒரு வழி கண்டார்கள். உத்தியோக வழக்குகளை மட்டும் விசாரிக்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்க, 1976-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1985-ல் அதற்கான சட்டம் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1-ந்தேதி மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் வேலையைத் தொடங்கியது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, அலகாபாத் ஆகிய ஊர்களில் அமர்வுகள் ஏற்பட்டன.

தபால், ரெயில்வே, வருமான வரி, கலால் என்று மத்திய சர்க்கார் சிப்பந்திகள் எல்லாரும் இங்கேதான் போக வேண்டும். புதுவை யூனியன் பிரதேசம். ஆகவே புதுவை சர்க்காரின் ஆசிரியரும், போலீஸ்காரரும், குமாஸ்தாவும் இந்தத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். ராணுவத்தினர் இதில் சேர மாட்டார்கள்.

சாதாரணமாக இருவர் சேர்ந்து வழக்கைக் கேட்பார்கள். ஒருவர் சட்டம் தெரிந்தவர். மற்றவர் நிர்வாக அனுபவம் உள்ளவர். மனுவுக்குக் கட்டணம் 50 ரூபாய்தான். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் தானே எழுந்து வாதாடலாம். ஏழைக்கு ஏற்ற ஏற்பாடுதான்.

டெல்லிக்குத்தான் போக வேண்டும்!

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு முள் இருந்தது. தீர்ப்பாயம் சொன்னதை எதிர்த்து ஐகோர்ட்டுக்குப் போக முடியாது! சுப்ரீம் கோர்ட்டுக்குத்தான் போகலாம். அதுவும் அப்பீலைக் கேட்கலாமா வேண்டாமா என்று சுப்ரீம் கோர்ட்டே முடிவு செய்யும்.

1986 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. தீர்ப்பாயம் ஐகோர்ட்டுக்குச் சமமான மாற்று என்பது அப்போதைய எண்ணம்.

நடைமுறையில் என்ன ஆயிற்று? காரைக்காலில் ஒரு பியூன் வழக்கில் தோற்றால், அடுத்த கதவு டெல்லியில். ரெயில் செலவு, தங்கும் செலவு, பெரிய வக்கீலின் பீஸ். வேலை போனவரிடம் அவ்வளவு பணம் ஏது? பாரீசுக்குப் போகச் சொன்ன பழைய கதையே வேறு உருவில் திரும்பி வந்தது. இந்த நிலை 11 ஆண்டுக்கு மேல் நீடித்தது.

7 நீதிபதிகளின் தீர்ப்பு

1997-ஆம் ஆண்டு மார்ச் 18-ந்தேதி அந்த முள் அகன்றது. சந்திரகுமார் வழக்கு என்று அதற்குப் பெயர். தலைமை நீதிபதி அகமதி தலைமையில் 7 நீதிபதிகள் சேர்ந்து தீர்ப்புச் சொன்னார்கள்.

சர்க்காரின் செயலைச் சட்டப்படி சரிபார்க்கும் ஐகோர்ட்டின் அதிகாரம், அரசியல் சட்டத்தின் அஸ்திவாரத்தில் ஒரு கல். அதை எந்தச் சட்டத்தாலும் பிடுங்க முடியாது என்றார்கள். டெல்லிக்குப் போய்த்தான் முறையிட வேண்டும் என்ற வழி, செலவு மிகுந்தது. எளியவருக்கு எட்டாதது என்றும் எடுத்துச் சொன்னார்கள்.

தீர்ப்பாயத்தை மூடிவிடச் சொல்லவில்லை. முதலில் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே நியாயம் கிடைக்கவில்லை என்றால், அந்தப் பகுதியின் ஐகோர்ட்டுக்குப் போகலாம். அங்கே குறைந்தது இரண்டு நீதிபதிகள் சேர்ந்து விசாரிக்க வேண்டும். இன்றும் இதுதான் முறை.

ஐகோர்ட்டு எதைப் பார்க்கும்?

ஐகோர்ட்டுக்குப் போனால் வழக்கை முதலிலிருந்து மறுபடி நடத்தலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

பரீட்சைத் தாளைத் திருத்திய ஆசிரியரை, தலைமை ஆசிரியர் சரிபார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லா விடைகளுக்கும் அவர் புதிதாக மார்க்கு போடுவதில்லை. விடைத்தாள் முழுவதையும் படித்தாரா, கூட்டல் சரியா, வேண்டியவர் வேண்டாதவர் என்று பார்த்தாரா என்பதைத்தான் பார்ப்பார். ஐகோர்ட்டின் வேலையும் ஏறக்குறைய அப்படித்தான்.

விசாரணை நடத்தியவருக்கு அதிகாரம் இருந்ததா? விதிப்படி நடத்தினாரா? குற்றச்சாட்டைச் சிப்பந்திக்குத் தெரிவித்தாரா? பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்தாரா? சாட்சியமே இல்லாமல் முடிவு கட்டினாரா? சம்பந்தம் இல்லாத விஷயங்களை மனதில் வைத்துத் தீர்மானித்தாரா? இவற்றில் ஒன்று தவறினாலும் ஐகோர்ட்டு தலையிடும்.

சாட்சியம் இருக்கிறது, அதை வேறுவிதமாகவும் எடைபோடலாம் என்பதற்காக மட்டும் தலையிடாது. சென்னை ஐகோர்ட்டிலிருந்து போன ஒரு வழக்கில், 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு இதை அழுத்தமாகச் சொன்னது.

தண்டனை மிகக் கொடுமையாக இருந்தால்? சிறு தவறுக்குப் பெரிய தண்டனை என்று மனசாட்சியே அதிர்ந்தால், அதைக் கோர்ட்டு கவனிக்கலாம் என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது.

காலி நாற்காலியின் கதை

தீர்ப்பாயம் இருக்கிறது, அதற்கு மேல் கோர்ட்டும் இருக்கிறது என்றால் கவலை தீர்ந்ததா? அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே மத்திய சர்க்கார் சிப்பந்திகளின் முறையீட்டை விசாரிக்க 3 பேர் கொண்ட ஒரு வாரியம் உண்டு. 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. அதன் முடிவு பிடிக்கவில்லை என்றால், 60 நாளுக்குள் கோர்ட்டுக்குப் போகலாம். அங்கேயும் கோர்ட்டு பார்ப்பது இதே மாதிரிதான்: முறைப்படி நடந்ததா, ஆதாரம் உண்டா, மனம் போனபடி செய்தார்களா?

அந்த வாரியம் தீர்ப்புச் சொல்லக் குறைந்தது 2 பேராவது வேண்டும். 2017 ஜனவரியில் ஒருவர் மட்டும் மிஞ்சினார். 2022 மார்ச்சு வரை, 5 ஆண்டுக்கு மேல் இந்தக் குறை தீரவில்லை. வாரியத்தின் முடிவை எதிர்பார்த்து ஆயிரக்கணக்கான முறையீடுகள் காத்துக்கிடந்தன. சட்டம் இருந்தது. கட்டடம் இருந்தது. தீர்ப்பு எழுதத்தான் போதிய ஆள் இல்லை!

நமக்கும் இதில் பாடம் உண்டு. தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு சர்க்கார். தீர்ப்பாய உறுப்பினரை நியமிப்பதும் சர்க்கார்! ஆகவேதான் உறுப்பினரின் பதவிக்காலம் பெரிய வழக்காக மாறியது. சென்னை வக்கீல்களின் சங்கமான மெட்ராஸ் பார் அசோசியேஷன் இதற்காகப் பல ஆண்டுகள் போராடியது. பதவிக்காலத்தை 4 ஆண்டு ஆக்கிய அவசரச் சட்டத்தின் பகுதியை 2021 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. அடிக்கடி பதவி நீட்டிப்புக்காகக் கைகட்டி நிற்பவர், சர்க்காருக்கு எதிராகத் தைரியமாக எழுத முடியுமா?

பக்கத்து ஊர், வேறு வழி

புதுவை முத்தியால்பேட்டையில் ஒரு சர்க்கார் ஆசிரியர். சற்று வடக்கே, தமிழ்நாட்டைச் சேர்ந்த கோட்டக்குப்பத்தில் இன்னொரு சர்க்கார் ஆசிரியர். இருவருக்கும் ஒரே மாதிரி அநியாயம் நடந்ததாக வைத்துக்கொள்வோம்.

கோட்டக்குப்பம் ஆசிரியர் நேரே சென்னை ஐகோர்ட்டுக்குப் போவார். தமிழ்நாட்டிலும் 1988 முதல் மாநில சர்க்கார் சிப்பந்திகளுக்கு ஒரு தீர்ப்பாயம் இருந்தது; 2006-ல் அதை மூடிவிட்டார்கள். முத்தியால்பேட்டை ஆசிரியர் முதலில் மத்தியத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அங்கே ஜெயித்தாலும் நிம்மதி இல்லை. சர்க்கார் ஐகோர்ட்டுக்குப் போகலாம். பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்கும் போகலாம். சிப்பந்திக்காகத் திறந்த கதவு வழியே சர்க்காரும் நுழையலாம் அல்லவா?

சர்க்காருக்கு வக்கீல் செலவு பொதுப் பணத்தில். சிப்பந்திக்கோ மனைவியின் நகையில். இந்தப் போட்டி சமமானது அல்ல.

தனி ஒருவரின் குறையைப் பற்றிய உத்தியோக வழக்கில், பெரிய பின்விளைவு இல்லை என்றால் அப்பீல் போகக்கூடாது என்று மத்திய சர்க்காரின் 2010-ஆம் ஆண்டு வழக்குக் கொள்கையே சொன்னது. சொன்னதைச் செய்தால் பாதி வீடுகளில் விளக்கு எரியும்.

தெரிந்துகொள்ள வேண்டியவை

நியாயம் நம் பக்கம் இருந்தாலும், நாள் தவறினால் வழக்குத் தோற்கும். ஆகவே சில கணக்குகளைக் குடும்பத்தில் எல்லாரும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

தண்டனை உத்தரவு கைக்கு வந்ததும் தேதியைக் குறித்துவைக்க வேண்டும். மத்திய சர்க்கார் சிப்பந்திகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி, மேலதிகாரிக்கு அப்பீல் செய்ய 45 நாள் உண்டு. இந்தப் படியைத் தாண்டி நேரே தீர்ப்பாயத்துக்குப் போனால், பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அப்பீலுக்குப் பதில் வந்தால், அன்றிலிருந்து ஓர் ஆண்டுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். பதிலே வரவில்லை என்றால் 6 மாதம் பொறுக்க வேண்டும். அதன் பிறகு ஓர் ஆண்டு அவகாசம். ஜனவரி 10-ந்தேதி அப்பீல் கொடுத்துப் பதில் வராவிட்டால், ஜூலை 10-ந்தேதி 6 மாதம் முடியும். அடுத்த ஆண்டு ஜூலை 10-ந்தேதிக்குள் மனு போட்டுவிட வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் தீர்ப்பாயம் மன்னிக்கலாம். ஆனால் அதை நம்பி இருக்கக்கூடாது.

தீர்ப்பாயத்தில் தோற்றால் ஐகோர்ட்டுக்குப் போவதில் காலம் கடத்தக்கூடாது. ஏன் இவ்வளவு நாள் சும்மா இருந்தீர் என்று நீதிபதி கேட்பார்.

"சஸ்பெண்டு" ஆனவருக்குப் பிழைப்புப் படி உண்டு. முதலில் அது ஏறக்குறையப் பாதிச் சம்பளம். 3 மாதத்துக்குப் பிறகும் விசாரணை இழுத்தால், அதற்குச் சிப்பந்தி காரணம் இல்லை என்றால், படியை உயர்த்தலாம். குற்றச்சாட்டையே கொடுக்காமல் 3 மாதத்துக்கு மேல் "சஸ்பெண்டு" செய்துவைக்கக்கூடாது என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது.

வருகிற காகிதம், அனுப்புகிற காகிதம், தபால் ரசீது எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் பத்திரமாக வைக்க வேண்டும். வாய்ப்பேச்சு கோர்ட்டில் நிற்காது, காகிதம் நிற்கும்.

செய்ய வேண்டியது என்ன?

ஐகோர்ட்டின் கதவை மறுபடி யாரும் மூட நினைக்கக்கூடாது. வழக்கு குறையும், வேலை சுருங்கும் என்று காரணம் சொல்வார்கள். 1985-லும் அப்படித்தான் சொன்னார்கள். வேலை சுருங்கியதா என்பது வேறு பேச்சு. எளியவரின் வழி சுருங்கியது.

தீர்ப்பாயத்தில் ஒரு நாற்காலி காலி ஆகுமுன்பே அதற்கு ஆள் தயாராக இருக்க வேண்டும். உறுப்பினர் ஓய்வு பெறும் தேதி முன்கூட்டியே தெரியும். பிறகு தாமதம் எதற்கு?

தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு, சுற்று முறையில் வழக்குக் கேட்கும் ஊர்களில் புதுவையும் ஒன்று. அந்தச் சுற்று அமர்வு, பஸ் நேரம்போல எல்லாருக்கும் தெரிந்த தேதிகளில் தவறாமல் நடக்க வேண்டும். புதுவைப் பிரதேசம் என்றால் புதுவை நகரம் மட்டும் அல்ல. கேரளக் கரையில் மாகி இருக்கிறது. ஆந்திரக் கரையில் ஏனாம் இருக்கிறது. அந்த ஊர்க்காரருக்கும் ஐகோர்ட்டு சென்னையில்தான். கொரோனா காலத்தில் கோர்ட்டுகள் காணொலி வழியாக வழக்கு நடத்திக் காட்டின. அந்த வசதி மாகிக்கும் ஏனாமுக்கும் எப்போதும் கிடைக்க வேண்டும்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. கோர்ட்டு சரிபார்ப்பதை அவமானமாக நினைக்க வேண்டியதில்லை. முறையாக விசாரித்து, இரண்டு பக்கமும் கேட்டு, காரணம் எழுதிப் போட்ட உத்தரவை எந்தக் கோர்ட்டும் எளிதில் தள்ளுவதில்லை. பயப்பட வேண்டியது, விசாரிக்காமல் போட்ட உத்தரவுதான்.

சர்க்கார் சிப்பந்தி கேட்பது சலுகை அல்ல. தன் பேச்சையும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள் என்பதுதான். 50 ரூபாய்க் கட்டணத்தில் திறக்கிற கதவு இது. அதை அடைய 5 ஆண்டும், வீட்டு நகையும் ஆகும் என்றால், கதவு திறந்திருந்து என்ன பயன்?